வீட்டு வீடியோ எடிட்டிங்: எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?

பழையடேப்:

வணக்கம். வீட்டு வீடியோக்களை எல்லாம் வெட்டி ஒட்டி, உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஆக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். கையில் இருப்பது மூன்று வகை. பழைய மினிடிவி (டிஜிட்டல் வீடியோ கேமராவின் சின்ன டேப்) கேசட்டுகள் நாற்பது, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்; இவற்றை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் கேபிள் வழியாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்தது போனில் எடுத்த 4கே. மூன்றாவது மிரர்லெஸ் கேமராவில் எடுத்தது, அதுவும் 4கே, எச்.265 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை), 100 எம்பிபிஎஸ். கேமராவும் போனும் சேர்ந்து இதுவரை 900 ஜிபி.

லேப்டாப்பில் இருப்பது 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிப்பது). விண்டோஸும் மென்பொருட்களும் போக அதில் பெரிதாக இடம் மிச்சமில்லை. அதனால் எல்லாவற்றையும் 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்து, அதிலிருந்தே எடிட் செய்கிறேன். கேமரா க்ளிப்பை டைம்லைனில் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லேயர் வைத்தால் நின்றே போகிறது.

ஒரு நண்பர் 7200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 7200 சுற்று) டிஸ்க்தான் வாங்க வேண்டும், 5400 எல்லாம் எடிட்டிங்குக்கு ஆகாது என்கிறார். இன்னொருவர் ஹார்ட் டிஸ்க் காலமே முடிந்துவிட்டது என்கிறார். நான் நினைத்திருப்பது, 8 டிபி டிஸ்க் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாம் என்று. சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்னல்வேகம்:

எஸ்எஸ்டி வாங்குங்கள், அதில் வேகமான என்விஎம்இ வகை. நொடிக்கு 7000 மெகாபைட் படிக்கும். திக்கலாவது விக்கலாவது.

வெட்டொட்டு:

மின்னல்வேகம், அவர் வைத்திருப்பதையும் வைக்கப் போவதையும் கூட்டிப் பார்த்தீர்களா? எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் வைப்பது பணக்காரப் பொழுதுபோக்கு. அதைவிட முக்கியம், அந்த 7000ஐ வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பழையடேப், வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுவோம். கேமராவின் 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால்தான் மெகாபைட் வரும். அதாவது நொடிக்கு 12.5 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மினிடிவி இன்னும் சாது: நொடிக்கு 3.6 மெகாபைட், மணிக்கு 13 ஜிபி. போன் 4கே அதற்கும் கீழே. ஐபோனில் 30 ஃபிரேம், எச்.265 என்று வைத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 170 மெகாபைட், நொடிக்கு 3 கூட வராது.

இப்போது டிஸ்க் பக்கம் வாருங்கள். சாதாரண 2.5 இன்ச் போர்ட்டபிள் டிஸ்க்கே வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 100 மெகாபைட் அளவுக்குத் தரும். 12.5 கேட்கிறவருக்கு 100 கிடைக்கிறது. அப்புறம் ஏன் திக்க வேண்டும்?

எனக்குச் சந்தேகம் ப்ராசஸர் மேல்தான். எச்.264, எச்.265 இரண்டிலும் முழு ஃபிரேம் எப்போதாவது ஒன்றுதான் வரும். நடுவில் இருப்பவை எல்லாம் பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. டைம்லைனில் ஏதோ ஒரு இடத்தில் கிளிக் செய்தால், மென்பொருள் பின்னால் போய் முழு ஃபிரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக்கொண்டு நீங்கள் கேட்ட இடத்துக்கு வரவேண்டும். இரண்டு லேயர் என்றால் இந்த வேலை இரட்டிப்பு. ஃபைல் சின்னதாக இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அந்தச் சுமை ப்ராசஸர் தலையில் விழுகிறது.

ஊகத்தின் பேரில் எதையும் வாங்க வேண்டாம். சோதனை சுலபம். திக்குகிற க்ளிப் ஒன்றை லேப்டாப்பின் உள் எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்து, அங்கிருந்து டைம்லைனில் ஓட்டிப் பாருங்கள். ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு எவ்வளவு, ஜிபியு எவ்வளவு, டிஸ்க் ஆக்டிவ் டைம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் போர்ட்டபிளில் வைத்து அதையே செய்யுங்கள். டிஸ்க் ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் டிஸ்க்தான் குற்றவாளி.

கேபிளையும் பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகியிருந்தால் எந்த டிஸ்க்கும் நொடிக்கு 30, 40 மெகாபைட்டைத் தாண்டாது. சி-டைப் என்பதால் வேகமான கேபிள் என்று அர்த்தமில்லை. போன் சார்ஜருடன் வரும் சி-டைப் கேபிள்களில் பல, டேட்டாவுக்கு யுஎஸ்பி 2 வேகம்தான். டிஸ்க்குடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

பழையடேப்:

நன்றி அண்ணா. சொன்னபடி பார்த்தேன். உள் எஸ்எஸ்டியில் வைத்தாலும் அதே திக்கல். சிபியு 95க்கு மேலேயே நிற்கிறது. போர்ட்டபிளில் ஓட்டும்போது டிஸ்க் ஆக்டிவ் டைம் 15ஐத் தாண்டவில்லை. கேபிள் டிஸ்க்குடன் வந்ததுதான், போர்ட் யுஎஸ்பி 3.

ஆனால் டிஸ்க் மேலும் எனக்கு ஒரு புகார் உண்டு. கேசட்டிலிருந்து இறக்கிய ஃபைல்களை மொத்தமாகப் போர்ட்டபிளுக்கு அனுப்பும்போது முதலில் நொடிக்கு 110 மெகாபைட் காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் 20க்கு இறங்கி, நடுநடுவே பூஜ்யத்திலேயே நின்றுவிட்டு மறுபடி கிளம்புகிறது. இது எதனால்? டிஸ்க் போகப்போகிறதா?

வெட்டொட்டு:

அப்படியானால் உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ஒரே டிஸ்க் வாங்கி இரண்டையும் தீர்க்கப் பார்த்தால் இரண்டும் தீராது.

திக்கலுக்கு மருந்து கடையில் இல்லை, மென்பொருளிலேயே இருக்கிறது. ப்ராக்ஸி செய்யுங்கள். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் இரண்டிலும் இந்த வசதி உண்டு. பெரிய க்ளிப்புக்குப் பதிலாக, ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக முழுசாக இருக்கும் சின்ன நகல் ஒன்றைச் செய்து, அதை வைத்து வெட்டி ஒட்டுவது. கடைசியில் ரெண்டர் செய்யும்போது அசல் க்ளிப் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1080 அளவில் புரோரெஸ் (எடிட்டிங்குக்கென்று ஆப்பிள் செய்த வீடியோ வடிவம்) ப்ராக்ஸி என்றால் 30 ஃபிரேமுக்கு 45 எம்பிபிஎஸ், மணிக்கு 20 ஜிபி. ஒரு இரவு லேப்டாப்பை ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

சிலர் ப்ராக்ஸி இல்லாமல் எல்லாவற்றையும் 4கே அளவிலேயே புரோரெஸ் 422 ஆக மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதைச் செய்தால் 30 ஃபிரேமுக்கு 589 எம்பிபிஎஸ். மணிக்கு 265 ஜிபி. அப்போதுதான் நீங்கள் சொன்ன 8 டிபி எல்லாம் தேவைப்படும், டிஸ்க் வேகமும் நிஜமாகவே இடிக்க ஆரம்பிக்கும். வீட்டு வீடியோவுக்கு அது வேண்டாத வேலை.

இனி, காப்பி செய்யும்போது மூச்சு முட்டுவது. உங்கள் டிஸ்க் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகையாக இருக்கும். சாதாரண டிஸ்க்கில், அதாவது சிஎம்ஆர் வகையில், ட்ராக்குகள் பக்கம் பக்கமாகத் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் கூரை ஓடு போல ஒன்றின் விளிம்பு மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அதே தகட்டில் அதிகம் அடக்கலாம். படிப்பதற்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நடுவில் ஒரு ட்ராக்கை மாற்றி எழுத வேண்டுமென்றால் அதை ஒட்டி ஏறியிருக்கும் மற்றவற்றையும் திருப்பி எழுத வேண்டும். இந்தத் தொல்லையை மறைக்க, வருகிற டேட்டாவை முதலில் ஒரு தனிப் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது இடம் மாற்றும். நீங்கள் ஓய்வே கொடுக்காமல் ஜிபி ஜிபியாகக் கொட்டினால் அந்தப் பகுதி நிரம்பிவிடும். அப்புறம் 20தான், பூஜ்யம்தான். டிஸ்க் போகப்போகிறது என்று இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அது வேறு சோதனை.

பெரிய கொள்ளளவுள்ள 2.5 இன்ச் போர்ட்டபிள்களில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர்தான். பெட்டிமேல் இதைப் போட மாட்டார்கள். 2020இல் இது பெரிய சர்ச்சையாகி, அதற்கப்புறம்தான் வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூவரும் எந்த மாடல் எந்த வகை என்று பட்டியல் போட்டார்கள். வாங்குவதற்கு முன் மாடல் எண்ணை வைத்து அந்தப் பட்டியலில் தேடுங்கள். ஆர்பிஎம்மைவிட உங்களுக்கு முக்கியம் இதுதான்.

7200 என்ற மந்திரத்தைப் பற்றி உங்கள் நண்பர் கோபித்துக்கொள்ளாத அளவுக்குச் சொல்கிறேன். 7200இல் தகடு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி செகண்ட், 5400இல் 11.1. தேடுகிற இடம் டிஸ்க்கின் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும் என்று வைத்தால், வித்தியாசம் ஒன்றரை மில்லி செகண்டுக்கும் குறைவு. தலை நகரும் நேரம் இதற்குமேல். 3.5 இன்ச் 7200 டிஸ்க் நொடிக்கு 200 மெகாபைட்டும் அதற்கு மேலும் தரும், அது உண்மை. அதிலும் அந்த எண் தகட்டின் வெளிவட்டத்துக்குத்தான். டிஸ்க் நிரம்ப நிரம்ப எழுத்து உள்வட்டத்துக்குப் போகும், அங்கே வேகம் பாதியளவுக்கு இறங்கிவிடும். இருந்தாலும் மேஜைமேல் வைக்கிற 3.5 இன்ச் சிஎம்ஆர் ஒன்றுக்கு நான் ஓட்டுப் போடுவேன். தனி அடாப்டர் வேண்டும், கொஞ்சம் சத்தம் போடும், பையில் போட்டுக்கொண்டு அலைய முடியாது. அலைய முடியாது என்பது என் கண்ணுக்கு நல்ல குணம். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்து செத்த போர்ட்டபிள்களை நிறையப் பார்த்தாயிற்று.

ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே திணறுகிற இடம் ஒன்று இருக்கிறது: ஒரே நேரத்தில் பல இடங்களில் கை வைப்பது. இரண்டு மூன்று க்ளிப்பைப் படித்துக்கொண்டே கேஷ் (மென்பொருள் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ஃபைல்கள்) எழுதி, ஒலி அலையின் படம் வரைந்து, தம்ப்நெயிலும் செய்யச் சொன்னால் தலை அங்குமிங்கும் குதித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குதிப்புக்கும் 10 மில்லி செகண்ட் போல ஆகும். எஸ்எஸ்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதனால் ப்ராக்ஸி, கேஷ், ப்ராஜெக்ட் ஃபைல், இந்த மாதம் கையில் எடுத்திருக்கிற க்ளிப்புகள், இவை மட்டும் எஸ்எஸ்டியில். மிச்சம் எல்லாம் தகட்டில். கேஷ் எங்கே விழ வேண்டும் என்பதை மென்பொருளின் செட்டிங்கில் நாமே சொல்லலாம்.

எஸ்எஸ்டி 1 டிபி போதும். லேப்டாப்பில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) காலியாக இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். இருந்தால் அங்கேயே போட்டுவிடலாம். இல்லையென்றால் யுஎஸ்பி வழியாக வெளியே. நொடிக்கு 400, 500 மெகாபைட் கிடைத்தாலே உங்கள் வேலைக்குத் தாராளம். வாங்கும்போது பார்க்க வேண்டியது க்யூஎல்சியா (ஒரு செல்லில் நான்கு பிட்) டிஎல்சியா (மூன்று பிட்) என்பதை. க்யூஎல்சியில் எஸ்எஸ்டிக்கு உள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் பகுதி தீர்ந்தபின் எழுதும் வேகம் சில மாடல்களில் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே போய்விடும். பழைய தொல்லை புதுப் பெட்டியில் வந்த மாதிரி ஆகிவிடும்.

கொள்ளளவுக்கு வருவோம். கேசட் நாற்பதுக்கு 520 ஜிபி, கேமராவும் போனும் 900. மொத்தம் ஒன்றரை டிபிக்குள். 4 டிபி வாங்கினால் பாதிக்கு மேல் காலி. ஆகவே 8 டிபி ஒன்று வேண்டாம், 4 டிபி இரண்டு வாங்குங்கள். ஒன்று வேலைக்கு, இன்னொன்று அப்படியே அதன் நகல். விண்டோஸ் அதை 3.63 டிபி என்றுதான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

மின்னல்வேகம்:

எஸ்எஸ்டியில் ப்ராக்ஸி, கேஷ் என்று தினமும் எழுதினால் சீக்கிரம் தேய்ந்துவிடாதா? அதற்கு எழுதும் வரம்பு உண்டே. அப்புறம் இரண்டு 4 டிபி வாங்குகிறவர் ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அதையே எழுதுவது) போட்டால் நகல் தானாகவே நடக்குமே.

சுழலும்தட்டு:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிகளில் பலவற்றுக்கு 600 டிபி எழுதும் அளவு என்று வாரண்டியில் போட்டிருப்பார்கள். தினம் 100 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 36.5 டிபி. பதினாறு வருஷம் வருகிறது. அதற்குள் லேப்டாப்பே மாறிவிடும்.

ரெய்டு 1 வேண்டாம். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கு. நீங்கள் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினாலும் இரண்டிலும் பூட்டும். நகல் டிஸ்க் என்பது வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கப்பட வேண்டியது. முடிந்தால் வேறு வீட்டில். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்று ஒரு வழக்கம் உண்டு. பழையடேப்புக்கு அதில் ஒரு வசதி: மினிடிவி கேசட்டுகளே ஒரு பிரதிதான். இறக்கியாயிற்று என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃபயர்வயரில் வருவது டேப்பில் இருக்கும் அதே டிஜிட்டல் டேட்டா. அதை எம்பி4 ஆக மாற்றி இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்றும் கிளம்பாதீர்கள். 520 ஜிபிக்காக அசலை இழக்க வேண்டாம்.

பழைய 2 டிபி டிஸ்க்கைப் பற்றிக் கேட்டீர்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது) விவரங்களைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றப்பட்ட இடம்), கரன்ட் பெண்டிங் செக்டர் (படிக்கத் திணறும் இடம்) இரண்டும் பூஜ்யமாக இருக்கிறதா? இருந்தால் இப்போதைக்குப் பயமில்லை. பெண்டிங் ஏறிக்கொண்டே போனால் உடனே டேட்டாவை வெளியே எடுங்கள். இன்னொரு விஷயம், சில போர்ட்டபிள்களில் யுஎஸ்பி கனெக்டர் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே ஒட்டியிருக்கும், உள்ளே சாட்டா (டிஸ்க்கைச் செருகும் வழக்கமான இணைப்பு) இருக்காது. கனெக்டர் ஆட்டம் கண்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் பார்க்கும் வழி கிடையாது. 3.5 இன்ச்சுக்கு நானும் ஓட்டுப் போட இதுவும் ஒரு காரணம்.

பழையடேப்:

ஒரு க்ளிப்புக்கு மட்டும் ப்ராக்ஸி செய்து பார்த்தேன். மூன்று லேயர் வைத்தும் நழுவிக்கொண்டு ஓடுகிறது! இத்தனை நாள் அந்தப் பாவப்பட்ட டிஸ்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஸ்மார்ட்டில் நீங்கள் சொன்ன இரண்டும் பூஜ்யம்.

மேனுவலில் பார்த்ததில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறது, காலி. அதற்கு 1 டிபி டிஎல்சி, வெளியே 4 டிபி 3.5 இன்ச் சிஎம்ஆர் இரண்டு என்று முடிவு செய்திருக்கிறேன். பழைய 2 டிபியை என்ன செய்வது? தவிர, நகல் டிஸ்க்கைத் தங்கை வீட்டில் வைக்க நினைக்கிறேன். அவளிடம் இருப்பது மேக். எந்த ஃபார்மட் போடுவது? எஸ்எஸ்டியையே நகலாக எடுத்து வைத்தால் இன்னும் பத்திரமா?

வெட்டொட்டு:

எஸ்எஸ்டி அலமாரியில் வருஷக்கணக்கில் தூங்குவதற்கு ஏற்றதல்ல. மின்சாரமே காட்டாமல் நீண்ட காலம் வைத்தால் செல்களில் இருக்கும் சார்ஜ் மெல்லக் கசியும். தூங்கவைப்பதற்குத் தகடுதான். அதையும் வருஷத்துக்கு ஓரிரு தடவை செருகிச் சுழலவிட்டு, சில ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

ஃபார்மட்: வேலை டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ். விண்டோஸில் மட்டும்தானே இருக்கப் போகிறது. மின்சாரம் போனாலும், பாதியில் கழன்றாலும், அதில் ஜர்னல் (செய்யப் போகும் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவு) இருப்பதால் தப்பிக்க வாய்ப்பு அதிகம். தங்கை வீட்டு டிஸ்க்குக்கு, அவர் பார்க்க மட்டும் செய்வார் என்றால் அதுவும் என்டிஎஃப்எஸ்ஸாகவே இருக்கட்டும். மேக் அதைப் படிக்கும், எழுதத்தான் செய்யாது. தெரியாமல் எதையாவது அழித்துவிடுவாரோ என்ற பயமும் இல்லை. அவரும் தன் வீடியோக்களை அதில் போடுவார் என்றால் எக்ஸ்ஃபேட். இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். ஆனால் ஜர்னல் கிடையாது, இஜெக்ட் செய்யாமல் பிடுங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஃபேட்32 பக்கம் போகாதீர்கள், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது; உங்கள் ஒரு மணி நேரக் கேசட்டே 13.

பழைய 2 டிபி எஸ்எம்ஆர் வீணில்லை. உங்கள் சேகரிப்பு ஒன்றரை டிபி, இப்போதைக்கு அதில் அடங்கும். ஒருமுறை எழுதி வைத்து, எப்போதாவது படிப்பதற்கு எஸ்எம்ஆர் நன்றாகவே உழைக்கும். மூன்றாவது பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். காப்பி செய்ய டெராகாப்பி மாதிரி ஏதாவது வைத்து, வெரிஃபை ஆப்ஷனை டிக் செய்துவிட்டு ஓடவிடுங்கள். 20க்கு இறங்கினாலும் தொடாதீர்கள், அது பாட்டுக்கு முடிக்கும். வெரிஃபை முடியும்வரை கேமரா கார்டை மட்டும் ஃபார்மட் செய்ய வேண்டாம்.